மூன்று சொட்டுப் பசை

கிள்ளான்
2.3.2025

அன்பு மகள் தாமரைக்கு,

அப்பா நாகையா எழுதுகிறேன். இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. என் கை, என் பேனா. இந்த நான்கு வரி எழுதுவதற்குள் குடிக்க வைத்த தே தாரிக் டீ ஆறிப்போய்விட்டது.

‘நலம், நலம் அறிய ஆவல்’ என்று தொடங்க வேண்டும் என்று தங்கமணி டீச்சர் சொல்லிக் கொடுத்தார். நீ நலமாக இருப்பதைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் போனில் கேட்டேன். தெரிந்ததை எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டேன். டீச்சரிடம் சொல்லிவிடாதே.

கோயில் மண்டபத்து வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வயதில் சேர்ந்து பாதியில் விட்டால் வெட்கம் அல்லவா. அம்மா இருந்தவரைக்கும் வீட்டுக்கு வரும் தாள் எல்லாவற்றையும் அவள் படித்துச் சொன்னாள். அவள் போன பிறகு வந்ததை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். அதில் ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருந்திருக்கிறது. கல்யாணம் முடிந்து அவர்களுக்குப் பிள்ளையும் பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்தேன்.

நீ கொடுத்துவிடச் சொன்னபடி, பகடை உருட்டி நீ சண்டை ஆட்டம் ஆடிய பொம்மைப் பெட்டி மூன்றையும் தள்ளுவண்டியில் கட்டி, கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸ் பொம்மைக் கடைக்கு நேற்றுக் கொண்டுபோனேன். பூமாலைக் கடைக்கு மேல்மாடி. கடைக்காரர் சுகுமாறன் திறந்து பார்த்துவிட்டு, “அங்கிள், இதெல்லாம் பழைய செட் லா. இப்ப ஆட்டத்துல எறக்க முடியாது” என்றார். ஏன் என்றேன். “ரெண்டு வருசத்துக்குள்ள வந்த பொம்மைதான் சாதாரணப் போட்டியில ஆடலாம். அதுக்கு முந்தினது எல்லாம் ரிட்டையர்.”

“நானும் ரிட்டையர்தான் பாஸ்” என்றேன். சிரித்துவிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

நேற்று அங்கே புது செட் வந்த நாள். கடல்வீரர் வரிசையாம். முப்பது, நாற்பது வயது ஆட்கள், டை கட்டியவர்கள் கூட, வரிசையில் நிற்கிறார்கள். பெட்டிக்குள் யார் இருப்பது என்று யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்த்து, “ஐயோ, திரும்பவும் நண்டு” என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். சுகுமாறன் என் கையிலும் ஒரு பெட்டியைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். குடை பிடித்த ஒரு தவளை வந்தது. எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அபூர்வமாம்.

இன்னொரு விஷயம். உன் அலமாரி மேல்தட்டில் ஒரு சின்ன நீலப் பெட்டி இருந்தது. மூடிமேல் உன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அச்செழுத்து எனக்கு வருகிறது, கையெழுத்து இன்னும் சரியாக வரவில்லை. ‘அம்மா’ என்ற முதல் சொல் மட்டும் தெரிந்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுக்கவா?

பதிலைப் போனில் பேசி அனுப்பாதே. எழுது. பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு,
எழுதத் தெரிந்த உன் அப்பா,
நாகையா


பெர்த்
15.3.2025

அன்புள்ள அப்பா,

உறையைப் பார்த்ததும் யார் எழுதியது என்று தெரியவில்லை. கையெழுத்து புதிதாக இருந்தது. எனக்கு எப்படித் தெரியும், இதற்கு முன் நான் பார்த்ததில்லையே. பிரித்து முதல் வரியைப் படித்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

ஆறு மாதம் மறைத்ததற்கு ஒரு நாள் சண்டை போடுவேன். டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து போடுவேன்.

குடைத் தவளை வந்ததை நம்ப முடியவில்லை. நான் எட்டு வருடம் ஆடினேன், ஒரு தடவைகூட முதல் பெட்டியில் அபூர்வம் வந்ததில்லை. சுகுமாறன் சொன்னது சரிதான், ஆனால் அதோடு முடியவில்லை. சாதாரணப் போட்டியில்தான் பழைய பொம்மைக்கு இடம் இல்லை. ‘எல்லா வருடமும்’ என்று வேறொரு போட்டி வைப்பார்கள். அதில் எந்தக் காலத்துப் பொம்மையும் வரலாம். ஜோடிப் போட்டியும் உண்டு, இரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு. உங்களுக்குச் சரியாக வருவது ‘மூடிய பெட்டி’ப் போட்டி. எல்லோருக்கும் பிரிக்காத பெட்டி இரண்டு தருவார்கள், அங்கேயே பிரித்து, வந்ததை வைத்து ஆட வேண்டும். வீட்டில் ஆயிரம் பொம்மை வைத்திருப்பவரும் ஒன்றுமே இல்லாதவரும் அங்கே சமம்.

நீங்கள் ஆடினால் எழுதுங்கள். நான் விட்டு ரொம்ப வருடம் ஆகிவிட்டது, இனி ஆட மாட்டேன்.

நீலப் பெட்டியைக் குப்பையில் போடுங்கள். யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

எழுத்து போதுமான அளவு பெரிதாக இருக்கிறதா?

அன்புடன்,
தாமரை


கிள்ளான்
6.4.2025

அன்பு மகள் தாமரைக்கு,

எழுத்து நல்ல பெரிது. லோரி டயரில் இருக்கும் எண் அளவுக்கு இருந்தது. டீச்சர் இல்லாமல் நானே படித்து முடித்தேன். ‘அபூர்வம்’ என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நின்றேன்.

நேற்று ஆடினேன். மூடிய பெட்டிப் போட்டி. பன்னிரண்டு பேர். அதில் என்னைத் தவிர யாருக்கும் தலை நரைக்கவில்லை, திருச்செல்வம் என்று ஒருவருக்குக் கொஞ்சம். பொம்மையோடு வரும் அட்டையில் இங்கிலீஷ்தான் இருக்கிறது, அதனால் பெயரை நானே வைத்துக்கொண்டேன். பச்சை மீசை, இரும்புத் தொப்பி, இரட்டைச் சுறா. கடையில் எல்லோரும் இப்போது அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். எண் எனக்கு எப்போதும் தெரியும். முப்பத்தொன்பது வருடம் டயர் கடையில் அளவு பார்த்தவன் அல்லவா. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு புள்ளிக் கணக்கு உண்டு, மொத்தம் முந்நூறு புள்ளிக்குள் குழு சேர்க்க வேண்டும் என்றார்கள். நான் மனக்கணக்காகச் சேர்த்தேன், அவர்கள் போனைத் தட்டினார்கள்.

திருச்செல்வத்திடம் தோற்றேன். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தேன். இரண்டு பகடையும் ஆறு விழுந்தது. எதிரே இருந்தவர், “அங்கிள், சாமி கும்பிட்டு வந்தீங்களா” என்றார். “வந்தேன். நீங்க?” என்றேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பொம்மை நிற்கும் அடித்தட்டு ஆடியது. கழன்றுவிட்டது என்று நினைத்தேன். சுழலத்தான் வேண்டுமாம். அடி விழ விழத் தட்டைத் திருப்ப வேண்டும், உள்ளே இருக்கும் எண் குறைந்துகொண்டே வரும், கடைசியில் ஆள் விழுந்துவிடுவான். பலம் முழுவதும் காலுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை.

இன்னும் பெரிய சேதியைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அங்கே நடுவர் யார் தெரியுமா? உன் சிநேகிதி மஜீதா. ஷா ஆலத்தில் மருந்துக் கடையில் வேலை, சனிக்கிழமை இங்கே நடுவர். என்னைப் பார்த்ததும் எழுந்து கிட்டே வந்தாள். பிறகு, “அங்கிள், சாப்பிட்டீங்களா” என்றாள். சின்ன வயதில் அவள் நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது நான் அவளைக் கேட்ட கேள்வி. உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் புரியாத அட்டையை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள்.

நீலப் பெட்டியை இன்னும் போடவில்லை. மேலே இருக்கும் உன் கையெழுத்தைப் படிக்கப் பழகிக்கொண்டு, அப்புறம் போடலாம் என்று வைத்திருக்கிறேன்.

அப்பா,
நாகையா


பெர்த்
19.4.2025

அன்புள்ள அப்பா,

நீங்கள் ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மஜீதாவைப் பற்றி இனி எழுத வேண்டாம். ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று அப்போது கேட்டீர்கள், ‘சண்டை’ என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்கிறேன், ஒரே தடவை.

2013 செப்டம்பர். ஷா ஆலத்தில் பெரிய போட்டி. அதில் ஜெயிப்பவர் சிங்கப்பூர் போய் ஆடலாம். என்னிடம் ஒரு பொம்மை இருந்தது, இரண்டு கையிலும் தீ வைத்திருக்கும் பெண். பரிசாக மட்டுமே கிடைக்கும், நாடு முழுவதும் நான்கு பேரிடம்தான் இருந்தது. முந்நூறு புள்ளியில் அவள் மட்டும் இருநூறு. என் ஆட்டம் முழுவதும் அவள்தான். வியாழக்கிழமை மஜீதா பழகிப் பார்க்க வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை காலை திருப்பிக் கொடுத்தாள். பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் முதல் அடி விழுந்தது. தட்டைத் திருப்பினேன். திரும்பவில்லை. ஓரம் முழுவதும் பசை. சுழலாத பொம்மை ஆடக்கூடாது என்று எடுத்து வைத்துவிட்டார்கள். மீதி நூறு புள்ளியை வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் தோற்றேன்.

சிங்கப்பூர் போனது யார் என்று நினைக்கிறீர்கள்? அவள்.

பிறகு மூன்று தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. அதோடு எல்லாப் பொம்மையையும் மூடி வைத்தேன். அந்த நீலப் பெட்டிக்குள் இருப்பது அந்தப் பெண் பொம்மைதான், தீக்காரி. அதனால்தான் குப்பையில் போடச் சொன்னேன்.

நீங்கள் அந்தக் கடைக்குப் போங்கள், ஆடுங்கள். அவளிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

தாமரை


கிள்ளான்
4.5.2025

அன்பு மகள் தாமரைக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதினேன். எழுத்துப் பிழைக்காக இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் நீலப் பெட்டியை எடுத்து வந்து வாசல் வெளிச்சத்தில் வைத்து, மூடிமேல் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. நீ எழுதியிருந்தது இது: ‘அம்மா, வீடு துடைக்கும்போது இந்தப் பெட்டியை மட்டும் தொடாதே. உள்ளே இருப்பதன் அடி சுழல வேண்டும்.’

அந்த வெள்ளிக்கிழமை அம்மா வீட்டில் இல்லை. நீ வேலைக்குப் போன பிறகு, கேரி தீவில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை வீடு துடைக்காமல் இருந்தால் வந்து ஏசுவாள் என்று டயர் கடையிலிருந்து சீக்கிரமாக வந்து நானே துடைத்தேன். பெட்டியைத் தூக்கியபோது உள்ளே ஏதோ ஆடியது. திறந்து பார்த்தேன். பொம்மை தட்டில் நிற்காமல் சுற்றியது. கழன்றுவிட்டது, நாளைக்குப் பிள்ளை இதைத்தான் எங்கோ கொண்டுபோகப் போகிறது, பார்த்தால் அழும் என்று நினைத்தேன். என் தொழிலில் ஆடுகிற நட்டை அப்படியே விட்டால் ரோட்டில் ஆள் போய்விடும். ஆடுகிற எதையும் நான் விட்டதில்லை. மேசையில் இருந்த பசையை எடுத்து மூன்று சொட்டு விட்டேன். காயும்வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பத்திரமாக உள்ளே வைத்து மூடினேன்.

மூடிமேல் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு அது வெறும் கோடு.

நீயே பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்று நானாகச் சொல்லவில்லை. நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தோற்றுவிட்டாய் என்று மட்டும் நினைத்தேன். பசைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று, போன மாதம் அந்தத் தட்டு சுழல்வதைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. பார்த்தபோதும் தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

மஜீதா ஒன்றும் செய்யவில்லை. நான்தான்.

இதை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணமும் வந்தது. மூன்று நாள் இருந்தது. நேற்றுச் சனிக்கிழமை கடைக்குப் போனேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு அட்டை படித்துச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்.

உன் சிநேகிதியை உன்னிடமிருந்து எடுத்தது நான். என்ன வேண்டுமானாலும் எழுது. எவ்வளவு சின்ன எழுத்தாக இருந்தாலும் படித்துவிடுவேன்.

அப்பா


கிள்ளான்
8.6.2025

அன்பு மகள் தாமரைக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. தபால்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். போனிலும் நீ எடுக்கவில்லை. நான் குறை சொல்லவில்லை. மூன்று போனை எடுக்காத வழக்கம் உனக்கு உண்டு என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஐந்து சனிக்கிழமையாகக் கடைக்குப் போகவில்லை. மஜீதா சுகுமாறனின் போனிலிருந்து கூப்பிட்டு, “அங்கிள், உடம்பு சரியில்லையா? மருந்து கொண்டு வரவா?” என்று கேட்டாள். முட்டி வலி என்றேன். பொய். எழுதக் கற்ற பிறகு பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

தவளை உன் அலமாரியில் இருக்கிறது. நீலப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

வெயில் அதிகம். அங்கே குளிர் என்று டிவியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு போ.

அப்பா


பெர்த்
21.6.2025

அன்புள்ள அப்பா,

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். முதல் வாரம் உங்கள் மேல் கோபம். இரண்டாவது வாரம் அந்தத் தாளை அம்மாவுக்கு எழுதி ஒட்டிவிட்டு, உங்களிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போன என் மேல் கோபம். வீட்டில் படிக்கத் தெரியாதவர் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அது உங்களுக்கும் எனக்கும் உள்ள கணக்கு, நாம் தீர்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு எண்ணம்தான் போகவில்லை. அப்பா, நான் அவளிடம் ‘நீ செய்தாயா’ என்று கேட்கவே இல்லை. பதினோரு வயதிலிருந்து என்னோடு படித்தவள். ஒரு கேள்வி. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பாள், வீட்டுக்கு வந்து உங்களையும் கேட்டிருப்பேன், நீங்களும் ‘நான்தான் ஒட்டினேன்’ என்று பெருமையாகச் சொல்லியிருப்பீர்கள். அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். மூன்று சொட்டுப் பசை உங்களுடையது. மீதிப் பன்னிரண்டு வருடம் என்னுடையது.

இதற்குள் இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். அவளுக்கு. அவள் வீட்டு முகவரி என்னிடம் இல்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை. கொடுத்துவிடுங்கள். வாங்க மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

சனிக்கிழமை கடைக்குப் போங்கள். தவளையை அலமாரியில் வைக்காதீர்கள், அது ஆடுவதற்கு வந்தது.

காதை மூடிக்கொண்டுதான் போகிறேன்.

உங்கள்
தாமரை


கிள்ளான்
6.7.2025

அன்பு மகள் தாமரைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உள்ளே மஜீதாவுக்கு என்று வைத்த உறை ஒட்டாமல் இருந்தது. நீ மறந்துவிட்டாயா, அப்பா படித்தால் படிக்கட்டும் என்று விட்டாயா, எனக்குத் தெரியவில்லை. மடிப்புக்கு மேலே ‘மஜீ’ என்று இரண்டு எழுத்து தெரிந்தது. போன வருடம் என்றால் முழுக் கடிதத்தையும் விரித்து வைத்தாலும் எனக்கு ஒன்றுதான். இப்போது அப்படி இல்லை. உள்ளே தள்ளினேன். மேசையில் பசை இருந்தது. இந்தத் தடவை ஒட்ட வேண்டியதை ஒட்டினேன்.

நேற்று நீலப் பெட்டி, தவளை, உறை மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். ஆட்டம் தொடங்கியிருந்தது. மஜீதா என்னைப் பார்த்ததும், “முட்டி எப்படி அங்கிள்?” என்றாள்.

“முட்டிக்கு ஒண்ணும் இல்லம்மா. உக்காரு. அந்தத் தீக்காரிய ஒட்டினது நான்தான்” என்று நீலப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். எதை எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ரயிலில் யோசித்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவள் பெட்டியைத் திறக்கவில்லை. மூடிமேல் இருந்த உன் எழுத்தைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்களா?”

“கழண்டு போச்சுன்னு நெனைச்சேன்.”

“எத்தன சொட்டு?”

“மூணு.”

“மூணு சொட்டுக்குப் பன்னெண்டு வருசமா லா” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது. “சிங்கப்பூர்ல ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல அங்கிள். தாமரை இல்லாம எனக்கு ஆடவே வரல.”

உறையை வாங்கிக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். உள்ளே இரண்டு மேசையில் ஆட்டம் நின்றுவிட்டது. திருச்செல்வம், “பாஸ், ஜட்ஜ் எங்க? என் நண்டு செத்துச்சா இல்லையான்னு யாராச்சும் சொல்லுங்க லா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுகுமாறன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “செத்ததாவே வெச்சுக்கோ” என்றார்.

இருபது நிமிடம் கழித்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள் என்று நினைக்கிறேன், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நீ என்ன எழுதினாய் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தீக்காரியை எடுத்துத் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். நல்ல ஒட்டு, அசையவில்லை. “ஒடச்சாதான் வரும். ஒடைக்க வேணாம்” என்று திரும்பவும் பெட்டியில் வைத்தாள்.

பிறகு சுவரில் இருந்த, போட்டிக்குப் பெயர் கொடுக்கும் பாரம் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். டிசம்பரில் கடையின் ஆண்டு விழாவுக்கு ஜோடிப் போட்டி வைக்கிறார்கள், எல்லா வருடத்துப் பொம்மையும் ஆடலாம். ரிட்டையர் ஆனது எல்லாம் வரலாம் என்று சுகுமாறன் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். உன் மூன்று பெட்டியையும் அவர் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. முதல் கட்டத்தில் மஜீதா தன் பெயரை எழுதினாள். இரண்டாவது கட்டத்தைக் காட்டிப் பேனாவை என் கையில் கொடுத்தாள்.

“இத நீங்க எழுதுங்க அங்கிள்.”

உன் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடப் பாரம், எல்லாவற்றிலும் உன் பெயரை யாரோ எழுதினார்கள், நான் கீழே பெருவிரல் வைத்தேன். இதில்தான் நான் எழுதினேன். தாமரை நாகையா. ‘தா’ பெரிதாகிவிட்டது, அதனால் என் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் கட்டத்துக்கு வெளியே போய்விட்டன.

சுகுமாறன் பார்த்துவிட்டு, “பென்சில்ல எழுதியிருக்கலாம்ல அங்கிள்? அவங்க பெர்த்ல இருக்காங்க. வராம போனா?” என்றார்.

மஜீதா பாரத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். “பேனாவுலயே இருக்கட்டும் பாஸ்” என்றாள்.

அப்பா,
நாகையா